ஸ்பீக்கருக்கு எந்த வயர்?

உங்கள் வீட்டில் புதிதாக ஒரு ஸ்டீரியோ செட் வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆம்ப்ளிஃபயர் என்னும் பெருக்கி ஒன்று; ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டு. இவற்றை இணைக்க வயர் வேண்டும். அப்பாவுடன் கடைக்குப் போகிறீர்கள். கடைக்காரர் இரண்டு வயர்களை எடுத்து மேசைமேல் வைக்கிறார். ஒன்று சாதாரண இரட்டை வயர். மீட்டர் சில பத்து ரூபாய்தான். மற்றொன்று மலைப்பாம்பு போலப் பருத்து, தங்க முலாம் பூசிய முனைகளுடன் அழகான பெட்டிக்குள் சுருண்டு கிடக்கிறது, விலையோ ஆயிரக்கணக்கில்!

"இதைப் போட்டுப் பாருங்கள் சார், அதே பாட்டு வேறு மாதிரி கேட்கும்" என்கிறார் கடைக்காரர். அப்பா உங்கள் பக்கம் திரும்புகிறார். "நீதானே இயற்பியல் படிக்கிறாய்? எதை வாங்கலாம், சொல்!" என்கிறார்.

என்ன பதில் சொல்வீர்கள்? தேவையில்லாமல் விலை கொடுத்தால் வீட்டுப் பணம் வீண். மிக மெல்லிய வயரை வாங்கிவிட்டாலோ பாட்டுக் கெட்டுப்போகும். இதற்கு விடை காணப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. வகுப்பில் படித்த ஓம் விதியும் கொஞ்சம் பெருக்கல் வகுத்தலும் போதும். வாருங்கள், கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

வயர் எதைச் செய்யும், எதைச் செய்யாது?

முதலில் ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். வயர் என்பது தண்ணீர்க் குழாய் போன்றது. தொட்டியில் உள்ள தண்ணீரைக் குழாய் கொண்டு வந்து சேர்க்கும். வழியில் கொஞ்சம் ஒழுகவும் விடலாம். ஆனால் உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக மாற்றக் குழாயால் முடியாது. அதுபோலவே, எந்த வயராலும் பாட்டுக்குப் புதிய இனிமையைச் சேர்க்க முடியாது. மின்குறிகையைச் சற்றே குறைக்கலாம். அல்லது வெளியிலிருந்து வேண்டாத இரைச்சலை உள்ளே விடலாம். நல்ல வயர் என்றால் இந்த இரண்டு குற்றங்களும் காதுக்குத் தெரியாத அளவில் இருக்கும் வயர் என்று பொருள்.

வீட்டு ஒலிக்கருவிகளில் வயருக்கு இரண்டு விதமான வேலைகள் உண்டு. குறுந்தகட்டுக் கருவியிலிருந்து பெருக்கிக்குப் போகும் மின்குறிகையின் மின்னழுத்தம் அதிக அளவாக 2 வோல்ட். இசைத்தட்டின் ஊசியிலிருந்து கிடைப்பதோ ஏறக்குறைய 5 மில்லிவோல்ட்தான். இந்த இணைப்புகளில் ஓடும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. எனவே இங்கே வயர் பருமனாக இருக்க வேண்டியதில்லை. வெளி இரைச்சல் புகாமல் காவல் இருந்தால் போதும்.

பெருக்கியிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரின் நிலைமை இதற்கு நேர் எதிரானது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வாட் திறன் தரும்போது அந்த வயரில் ஏறக்குறைய 1.6 ஆம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. சுற்றுப்புற இரைச்சல் இதன்முன் எம்மாத்திரம்? ஆகவே இங்கே காவல் தேவையில்லை, பருமன்தான் தேவை. ஒன்றின் வேலையை மற்றொன்றுக்குக் கொடுத்தால் தொல்லைதான்.

ஓம் விதி சொல்லும் விடை

ஸ்பீக்கர் பெட்டியின் பின்புறத்தில் '8 ஓம்' என்றோ '4 ஓம்' என்றோ எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாட்டின் மின்குறிகை ஒரு மாறுமின்னோட்டம். அதற்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்பு இது. மின்மறுப்பு என்று சொல்வார்கள். வயரின் மின்தடையும் இந்த எதிர்ப்பும் ஒரே தொடரில் அமைகின்றன. தொடர் இணைப்பில் மின்னழுத்தம் மின்தடைகளின் விகிதத்தில் பங்கிடப்படும் என்பது உங்களுக்குத் தெரியும். வயர் எவ்வளவு பங்கை எடுத்துக்கொள்கிறதோ அவ்வளவும் ஸ்பீக்கருக்கு நஷ்டம்.

வயரின் மின்தடை எவ்வளவு? 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பும் 1 மீட்டர் நீளமும் உள்ள செம்புக் கம்பியின் மின்தடை 0.0172 ஓம். நீளம் இரு மடங்கானால் மின்தடையும் இரு மடங்காகும். குறுக்குப்பரப்பு இரு மடங்கானால் மின்தடை பாதியாகும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: மின்னோட்டம் ஒரு கம்பி வழியே போய், மற்றொரு கம்பி வழியே திரும்ப வேண்டும். எனவே 10 மீட்டர் இரட்டை வயர் என்றால் செம்பின் நீளம் 20 மீட்டர்.

பொறியாளர்கள் கைக்கொள்ளும் எளிய விதி ஒன்று உண்டு. போக வர உள்ள வயரின் மொத்த மின்தடை, ஸ்பீக்கரின் ஓம் அளவில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டக் கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது 0.4 ஓம். இந்த அளவில் ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் நூற்றில் 95 பங்கு. இவ்வளவு சிறிய குறைவைக் காது எளிதில் உணராது. கணக்குப் போட்டால் 8 ஓம் ஸ்பீக்கருக்கு வயரின் நீளம் இப்படி வருகிறது:

0.5 சதுர மி.மீ. வயர் – 5.8 மீட்டர் வரை
0.75 சதுர மி.மீ. வயர் – 8.7 மீட்டர் வரை
1 சதுர மி.மீ. வயர் – 11.6 மீட்டர் வரை
1.5 சதுர மி.மீ. வயர் – 17.4 மீட்டர் வரை
2.5 சதுர மி.மீ. வயர் – 29 மீட்டர் வரை

4 ஓம் ஸ்பீக்கர் என்றால் இந்த நீளங்களைப் பாதியாக்கிக் கொள்ளுங்கள்.

இந்த அளவை மீறினால் என்ன ஆகும்? பாட்டுச் சற்று மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதானே, குமிழைத் திருப்பிக் கூட்டிக்கொள்ளலாமே என்று நினைக்கிறீர்களா? விஷயம் அத்தோடு முடிவதில்லை. 8 ஓம், 4 ஓம் என்பதெல்லாம் பெயரளவுக்குச் சொல்லப்படும் எண்கள். ஒலியின் அதிர்வெண் மாற மாற ஸ்பீக்கரின் மின்மறுப்பும் ஏறி இறங்கும். ஓர் அதிர்வெண்ணில் 4 ஓம், மற்றோர் அதிர்வெண்ணில் 32 ஓம் காட்டும் ஸ்பீக்கர் ஒன்றை 0.5 சதுர மி.மீ. பருமனுள்ள 10 மீட்டர் வயரால் இணைத்ததாகக் கொள்வோம். வயரின் மின்தடை 0.69 ஓம். 4 ஓம் காட்டும் இடத்தில் ஸ்பீக்கருக்குக் கிடைப்பது நூற்றில் 85 பங்கு. 32 ஓம் காட்டும் இடத்தில் 98 பங்கு. அதாவது சில சுரங்கள் அடங்கியும் சில சுரங்கள் ஓங்கியும் ஒலிக்கும். பாட்டின் சாயலே மாறிவிடும். இதே இடத்தில் 2.5 சதுர மி.மீ. வயரைப் போட்டால் அந்தப் பங்குகள் 97 என்றும் 99.6 என்றும் ஆகின்றன. வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. 'வயரை மாற்றினேன், பாட்டு மாறியது' என்று சிலர் சொல்வதில் உண்மை இருக்கக்கூடிய இடம் இதுதான். அந்த உண்மைக்குக் காரணம் செம்பின் பருமன். பெட்டியின் அழகு அன்று.

செய்து பாருங்கள்

இழை உள்ள பழைய டார்ச் பல்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எல்.இ.டி. பல்பு வேண்டாம். 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு கிடைத்தால் நல்லது. எரியும்போது அதன் மின்தடை ஏறக்குறைய 8 ஓம். ஸ்பீக்கருக்குப் பொருத்தமான மாற்று அல்லவா? இரண்டு டார்ச் செல்களை முதலில் அரை மீட்டர் வயரால் பல்புடன் இணைத்து வெளிச்சத்தைப் பாருங்கள். பிறகு டெலிபோனுக்குப் பயன்படும் மெல்லிய இரட்டை வயர் 10 மீட்டரைக் கொண்டு இணையுங்கள். பல்பு மங்குவது கண்ணுக்கே தெரியும். அடுத்து, வீட்டு மின்வேலைக்குப் பயன்படும் 1.5 சதுர மி.மீ. வயரில் இதே நீளத்தை இணையுங்கள். வெளிச்சம் திரும்பிவிடும். இந்தச் சோதனையைச் செல்களை வைத்து மட்டுமே செய்ய வேண்டும். சுவரில் உள்ள பிளக்கின் பக்கமே போகக் கூடாது.

வெள்ளியா, தங்கமா?

'வெள்ளிக் கம்பி', 'ஆக்சிஜன் நீக்கிய செம்பு' என்றெல்லாம் விளம்பரங்களில் படித்திருப்பீர்கள். வெள்ளி செம்பைவிட நல்ல மின்கடத்திதான். ஆனால் எவ்வளவு நல்லது? அதன் மின்தடை செம்பைவிட நூற்றுக்கு ஐந்தாறு பங்குதான் குறைவு. செம்புக் கம்பியைச் சற்றே பருமனாக்கினால் அந்த லாபம் கிடைத்துவிடும். ஆக்சிஜன் நீக்கிய செம்புக்கும் மின்வேலைக்கான சாதாரணத் தூய செம்புக்கும் உள்ள வேறுபாடோ நூற்றில் ஒரு பங்கு அளவுதான். தங்கம் செம்பைவிட மட்டமான மின்கடத்தி! பிறகு ஏன் முனைகளில் தங்க முலாம் பூசுகிறார்கள்? செம்பில் களிம்பு ஏறும், தங்கத்தில் ஏறாது. அடிக்கடி செருகி எடுக்கும் முனைகளில், ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில், இந்த முலாம் பயன் தரும். கம்பிக்கு அதனால் பயன் எதுவும் இல்லை.

வெள்ளியைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. செம்புப் பூச்சுப் பூசிய அலுமினிய வயர்கள் மலிவாக விற்கின்றன. பார்வைக்குச் செம்பு போலவே இருக்கும். அதே பருமனுள்ள செம்பைவிட அவற்றின் மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கையில் எடுத்தால் எடை குறைவாக இருக்கும். இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அத்தகைய வயரையே வாங்க நேர்ந்தால் ஒரு படி பருமனாக வாங்குங்கள்.

சில வயர்களின் மேல் 'இந்தத் திசையில்தான் மின்குறிகை செல்ல வேண்டும்' என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள். மாறுமின்னோட்டம் ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான முறை திசை மாறுகிறது. அதற்கு எந்தத் திசையைக் காட்டுவது? காவல் வலையை ஒரு முனையில் மட்டும் இணைத்திருக்கும் சில ஷீல்டு வயர்களில்தான் அம்புக்குறிக்குப் பொருள் உண்டு.

கடலுக்கடியில் கற்ற பாடம்

மின்தடையைத் தவிர வயருக்கு மற்றொரு குணமும் உண்டு. இரண்டு கடத்திகள், நடுவில் ஒரு காப்புப் பொருள்: இது எதை நினைவூட்டுகிறது? மின்தேக்கியை அல்லவா? ஒவ்வொரு வயரும் ஒரு சிறு மின்தேக்கிதான்.

இதை உலகம் கற்றுக்கொண்டது பெரும் பொருட்செலவில். 1858-ஆம் ஆண்டு ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் இணைக்க அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி ஒன்று போடப்பட்டது. 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான அந்த நீளத்தில் கம்பி ஒரு மாபெரும் மின்தேக்கியாகிவிட்டது. அனுப்பிய துடிப்புகள் மறுமுனையில் பரவி, ஒன்றோடொன்று குழம்பி வந்தன. விக்டோரியா அரசியின் நூறு சொற்கள்கூட இல்லாத வாழ்த்துச் செய்தி போய்ச் சேர ஏறக்குறைய 16 மணி நேரம் ஆயிற்று. நிறுவனத்தின் மின்வல்லுநர் வைல்ட்மேன் வைட்ஹவுஸ் மின்னழுத்தத்தைக் கூட்டிக் கொண்டே போனார். சில வாரங்களில் கம்பி செத்துப்போயிற்று.

வில்லியம் தாம்சன் என்னும் பேராசிரியர் இதை முன்னமேயே கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். பின்னாளில் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர் இவரே. 'வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் செம்பைப் பருமனாக்கு, காப்புறையைக் கனமாக்கு' என்பது அவர் கண்ட முடிவு. 1866-இல் வெற்றிகரமாகப் போடப்பட்ட கம்பியில், ஒரு மைலுக்கு முன்னதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு செம்பு இருந்தது.

அப்படியானால் நம் வீட்டு வயருக்கும் இந்த ஆபத்து உண்டா? கணக்குப் பார்ப்போம். சாதாரண ஷீல்டு வயரின் மின்தேக்குத்திறன் மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிக்கோஃபாரட். 2 மீட்டருக்கு 200. குறுந்தகட்டுக் கருவியின் வெளியீட்டு மின்தடை 1,000 ஓம் என்றே கொண்டாலும், இந்த மின்தேக்கி குறிப்பிடத்தக்க அளவில் தடுக்கத் தொடங்குவது 7 லட்சம் ஹெர்ட்ஸைத் தாண்டிய பிறகுதான். மனிதக் காது கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரையில்தான். இசைத்தட்டுக் கருவி மட்டும் விதிவிலக்கு. அதன் ஊசியருகே உள்ள காந்தச் சுருளும் வயரின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து, கேட்கும் எல்லைக்குள்ளேயே ஒத்ததிர்வை உண்டாக்கலாம். எனவே அங்கே வயர் குட்டையாக இருப்பது நல்லது.

'இரண்டு ஸ்பீக்கர் வயர்களும் ஒரே நீளம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒலி முன்பின்னாக வரும்' என்றும் சிலர் சொல்வார்கள். வயரில் மின்குறிகையின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 20 கோடி மீட்டர். 1 மீட்டர் நீள வேறுபாட்டால் உண்டாகும் தாமதம் ஒரு நொடியில் 20 கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்தில் காற்றில் ஒலி நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய அறுநூறில் ஒரு பங்குதான்! உட்கார்ந்த இடத்தில் தலையைச் சற்றுத் திருப்பினாலே இதைவிடப் பல்லாயிரம் மடங்கு வேறுபாடு வந்துவிடும்.

'உம்ம்ம்...' எங்கிருந்து வருகிறது?

இனி இரைச்சலைப் பார்ப்போம். பாட்டு நின்றிருக்கும்போது ஸ்பீக்கரில் 'உம்ம்ம்...' என்று ஒரு ரீங்காரம் கேட்டால் அது பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு, அல்லது அதன் மடங்கு. வலுக்குறைந்த குறிகை செல்லும் வயரில் இது புகாமல் இருக்கத்தான் நடுக்கம்பியைச் சுற்றிச் செம்பு வலையை உறையாகப் பின்னுகிறார்கள். ஷீல்டு வயர் என்பது இதுவே. வலை நெருக்கமாக இருக்கிறதா, முனையில் நன்றாகச் சாலிடர் செய்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இங்கே மிக மலிவான வயர் உண்மையிலேயே ஏமாற்றும்.

இன்னொரு வழியும் உண்டு. இரு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் இரைச்சல் நீங்கிவிடும். டெலிபோனைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் இந்த முறுக்குக் கம்பிக்கு 1881-இல் காப்புரிமை பெற்றார். மேடை மைக்குகளின் நீண்ட வயர்களில் இன்றும் இந்த முறையே உதவுகிறது.

நல்ல ஷீல்டு வயர் போட்டும் ரீங்காரம் நிற்கவில்லையா? இரண்டு கருவிகளையும் ஒரே பிளக் பலகையில் செருகிப் பாருங்கள். வெவ்வேறு இடங்களில் நில இணைப்புப் பெற்ற இரு கருவிகளை வயர் இணைக்கும்போது ஒரு வளையம் உண்டாகி, அதில் 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டம் சுற்றும். பாட்டு வயரை மின்சார வயரோடு ஒட்டிக் கொண்டு போகாதீர்கள். கடக்க நேர்ந்தால் குறுக்காகக் கடக்க விடுங்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை! ரீங்காரத்தை நிறுத்த மூன்று முனைப் பிளக்கின் நில முனையை வெட்டுவார்கள் சிலர். அந்த முனை உயிரைக் காப்பது. அதன்மேல் கை வைக்காதீர்கள்.

எண்களாக வரும் இசைக்கு விதி வேறு. டிஜிட்டல் வயரில் ஓடுபவை சுழிகளும் ஒன்றுகளும்தான். அவை சரியாகப் போய்ச் சேர்ந்தால் இசை முழுமையாகக் கிடைக்கும். தவறினால் 'டக் டக்' என்று வெட்டும், அல்லது நின்றே போகும். கொஞ்சம் இனிமை குறைந்து கேட்பது என்பது அங்கே இல்லை. எனவே தரக்குறிப்புக்கு ஏற்ற சாதாரண டிஜிட்டல் வயரே போதும்.

காதுக்கு ஒரு தேர்வு

"கணக்கெல்லாம் இருக்கட்டும், என் காதுக்கு வேறுபாடு தெரிகிறதே!" என்று உங்கள் மாமா சொல்லலாம். அவர் பொய் சொல்லவில்லை. விலை உயர்ந்தது என்று தெரிந்ததும் நாம் கூர்ந்து கேட்கிறோம். எதிர்பார்த்தது காதில் விழுகிறது. ஆகவே அவரோடு வாதாடாதீர்கள், சோதனைக்கு அழையுங்கள்.

மாமாவும் வயரை மாற்றுபவரும் ஒருவரை ஒருவர் பார்க்காதபடி ஒரு திரை கட்டுங்கள். மாற்றுபவர் ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் ஒரு வயரையும் பூ விழுந்தால் மற்றொரு வயரையும் இணைக்கட்டும். இணைக்கும்போது பெருக்கியை அணைத்துவிட வேண்டும். அதே பாட்டு, அதே ஒலி அளவு. பத்து முறை கேட்டு, எந்த வயர் என்று மாமா எழுதட்டும். வெறும் ஊகத்தில் ஒன்பதோ பத்தோ சரியாக வருவதற்கு 1,024-இல் 11 வாய்ப்புகள்தான், அதாவது நூற்றில் ஏறக்குறைய ஒன்று. அவ்வளவு சரியாகச் சொன்னால் வேறுபாடு உண்மைதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். ஐந்து ஆறு என்று வந்தால் நாணயமே சொல்லியிருக்கும் விடை அது!

அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்னும் மாயவித்தைக்காரர், 7,250 டாலர் விலையுள்ள ஸ்பீக்கர் வயரைச் சாதாரண நல்ல வயரிலிருந்து பார்க்காமலே பிரித்தறிந்தால் 10 லட்சம் டாலர் பரிசு தருவதாக 2007-இல் அறிவித்தார். அதையொட்டிப் பேச்சு நடந்தது, சோதனை நடக்கவில்லை. பரிசும் கடைசிவரை யாருக்கும் போகவில்லை.

அப்பாவுக்கு என்ன சொல்வது?

இப்போது கடைக்குத் திரும்புவோம். ஸ்பீக்கர் எத்தனை ஓம், வயர் எத்தனை மீட்டர் என்று பார்த்து, மேலே உள்ள அளவுகளிலிருந்து பருமனைத் தேர்ந்தெடுங்கள். மின்மறுப்பு ஏறி இறங்குவதை நினைத்து, அதற்கு ஒரு படி மேலாகவே வாங்குங்கள். நல்ல செம்பு வயராக இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, பிசிறு இழை ஒன்றுகூட அடுத்த முனையைத் தொடாதபடி முறுக்கி இறுக்குங்கள். பெருக்கியின் சிவப்பு முனை இரண்டு ஸ்பீக்கர்களிலும் சிவப்பு முனைக்கே போக வேண்டும். ஒன்றில் மட்டும் மாற்றிக் கொடுத்தால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும்; மத்தள ஒலி போன்ற தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

மிச்சமான பணத்தை நல்ல ஸ்பீக்கருக்கோ, பாட்டுகள் வாங்கவோ செலவிடலாம். ஸ்பீக்கர் பெட்டிகளை மூலையிலிருந்து அரை மீட்டர் முன்னே இழுத்து வைத்துக் கேட்டுப் பாருங்கள். காசு செலவில்லாமலே பாட்டு மாறும். அந்த வேறுபாட்டைக் கேட்கத் திரையும் வேண்டாம், நாணயமும் வேண்டாம்.